லாரி கேபினுக்கு எது தோது: ஒன்பது இஞ்ச் ஆண்ட்ராய்டா, முகப்பு கழற்றும் சின்ன செட்டா, வெறும் போனா?

எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) முன்னால் பெயின்ட் அடிக்க விட்டிருந்த பன்னிரண்டு சக்கர வண்டியை மூன்றாம் நாள் எடுக்கப் போனேன். டேஷ்போர்டில் ஒரு பெரிய ஓட்டை. பாட்டும் மேப்பும் ஓடும் ஒன்பது இஞ்ச் ஆண்ட்ராய்டு செட் இருந்த இடம். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், ஒயரையெல்லாம் ஒரே அளவில் கத்தரித்திருந்தான். மஞ்சள் ஒயரின் முனையில் மட்டும் கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தான். சாவி போட்டாலும் போடாவிட்டாலும் மஞ்சளில் கரண்ட் இருக்கும். முனையை அப்படியே விட்டால் தகட்டில் உரசிப் பொறி பறக்கும். திருட வந்தவனுக்கு அந்த அக்கறை. அந்த ஒயருக்குப் பேட்டரிப் பக்கம் ஃபியூஸே இல்லை என்பது, காசு வாங்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்த கடையின் லட்சணம்.

"தொழில் தெரிஞ்சவனுங்க" என்றார் டிரைவர் அண்ணன். பட்டறையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்குத் திருட்டு புதிதல்ல. டீசல் போகும், பேட்டரி போகும், ஸ்டெப்னி போகும், தார்பாய் போகும். அதெல்லாம் போனால் மறுபேச்சில்லாமல் அதையே வாங்கி மாட்டியாக வேண்டும். செட் ஒன்றுதான், போனபிறகு "மறுபடி இதே வேணுமா?" என்று உட்கார்ந்து யோசிக்க இடம் கொடுக்கிறது. டிரைவர் அண்ணனுக்குப் பெரிய திரையே வேண்டும். என் மகன், போன் இருக்கும்போது எதற்குச் செட் என்கிறான். எங்கள் எலக்ட்ரீஷியன், முகப்பைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போகும் பழைய மாதிரி சின்ன செட்டே போதும் என்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருந்ததால் மூன்றையும் விலையோடு, கரண்ட் கணக்கோடு, திருட்டுக் கணக்கோடு அலசினேன்.

முதலில் கரண்ட். இங்கே தவறினால் திருடன் வரும்வரை செட் இருக்காது.

பொலேரோ பிக்கப், டாடா ஏஸ், தோஸ்த் மாதிரி சின்ன வண்டிகள் 12 வோல்ட். கார் கடையில் விற்கும் எந்தச் செட்டும் அப்படியே மாட்டலாம். பெரிய லாரிகள் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகக் கோத்திருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது 28 வோல்ட் வரை வரும். கார் செட்டை நேராகக் கொடுத்தால் புகைதான். இதற்குக் கடைப் பையன்கள் செய்யும் குறுக்கு வழி, இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒரு ஒயர் இழுத்து 12 வோல்ட் எடுப்பது. செட் நன்றாகவே பாடும். ஆனால் செட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பேட்டரி எப்போதும் கொஞ்சம் இறங்கியே இருக்கும். ஆல்டர்னேட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துச் சார்ஜ் ஏற்றும். ஒன்று நிறையாமல் வாடும், மற்றொன்று அளவுக்கு மேல் ஏறித் தண்ணீர் குடிக்கும். ஒரு நாள் காலையில் செல்ஃப் எடுக்காது. ஒரு பேட்டரியை மட்டும் மாற்றினால் புதுசும் பழசும் ஒத்துப்போகாது, இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். செட்டில் மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய் பேட்டரியில் பல மடங்காகப் போகும்.

சரியான வழி, 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர். செட்டுக்கு மட்டும் என்றால் 10 ஆம்ப் போதும், ஆம்ப்ளிஃபையரும் உண்டு என்றால் 20 ஆம்ப். அதையும் தகட்டோடு ஒட்டிக் காற்றுப் படும் இடத்தில் மாட்ட வேண்டும். சீட்டுக்கு அடியில் துணி மூட்டைக்குள் திணித்தால் வெந்துபோகும். மலிவு கன்வர்ட்டர் எஃப்எம்மில் இரைச்சல் போடும். இன்னொரு தொல்லை, கன்வர்ட்டரை எப்போதும் ஓடவிட்டால் வண்டி நிற்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடிக்கும். சாவியோடு சேர்த்தால் அணைக்கும்போதெல்லாம் செட் நேரத்தையும் ஸ்டேஷனையும் மறந்துவிடும், ஆண்ட்ராய்டு செட் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து கண் விழிக்கும். எப்போதும் கரண்ட் வரும் மஞ்சளுக்கும், சாவி போட்டால் மட்டும் வரும் சிவப்புக்கும் தனித்தனி வெளிவாய் உள்ள கன்வர்ட்டர் கிடைக்கிறது. விலை கூடுதல்தான், அதையே வாங்குங்கள். 24 வோல்ட்டை நேரடியாகத் தாங்கும் செட்டுகளும் வருகின்றன. கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல், செட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவித் துவாரத்துக்குப் பின்னால் கைக்குக் கிடைத்த ஒயரைச் சுரண்டி இணைப்பு எடுக்க விடாதீர்கள். ஃபியூஸ் பெட்டியில் துணைக் கருவிகளுக்கென்று இடம் இருக்கும். அங்கிருந்து, தனி ஃபியூஸோடு.

இனி மேப்.

செட்டில் பார்த்தாலும் போனில் பார்த்தாலும் நம் ஆட்கள் போடுவது பெரும்பாலும் கூகுள் மேப்தான். அதற்குக் கார் தெரியும், நடப்பவர் தெரியும், பைக்குக்குத் தனி வழி காட்டுவது இந்தியாவில் 2017-லேயே வந்துவிட்டது. லாரிக்கு அப்படி ஒன்று இல்லை. உங்கள் பின்னால் இருப்பது காலி பாடியா, 13 அடி உயரத்துக்கு அடுக்கிய வைக்கோலா என்று அதற்குத் தெரியாது. ரயில்வே பாலத்துக்கு முன்னால் நட்டிருக்கும் உயரத் தடுப்புக் கம்பியும் தெரியாது. சத்தியமங்கலத்திலிருந்து சாம்ராஜ்நகர் போக மேப் போட்டால் திம்பம் மலைப்பாதையைக் காட்டும். 27 கொண்டை ஊசி வளைவு. 2022 பிப்ரவரியிலிருந்து இரவில் அங்கே போக்குவரத்துக்குத் தடை, கனரக வண்டிகளுக்கு அது மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். எடைக்கும் சக்கரத்துக்கும் வேறு தனிக் கட்டுப்பாடு. பந்திப்பூர் காட்டுக்குள் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை தடை, அது 2009-லிருந்து இருக்கிறது. திம்பம் அடிவாரத்துப் பண்ணாரி செக்போஸ்ட்டில் இரவு முழுக்கக் கொசுக்கடியில் படுத்து எழுந்த டிரைவரைக் கேளுங்கள், மேப்பைப் பற்றிச் சொல்வார்.

அதனால் "நேவிகேஷன் உள்ள செட்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதற்காக நாலாயிரம் ரூபாய் கூடக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. ஒன்பது இஞ்ச் திரையில் தெரிவதும் கையில் உள்ள போனில் தெரிவதும் ஒரே மேப். இது புரிந்தபிறகுதான் எனக்குக் கேள்வியே மாறியது. பாட்டும் வழியும் ஒரே பெட்டியில் இருந்தாக வேண்டுமா?

ஆண்ட்ராய்டு செட்டின் நல்ல பக்கத்தை மறைக்கக் கூடாது. எழுத்து பெரிதாகத் தெரியும், நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது பெரிய உதவி. பின்னால் கேமரா மாட்டினால் ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் இறங்கிக் கத்த வேண்டியதில்லை. கேமராவுக்காகவே இதை வாங்குபவர்கள் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் கேட்ட கடைகளில் ஏழாயிரத்தில் தொடங்கி இருபதாயிரம் வரை சொன்னார்கள். அட்டையில் எழுதியிருக்கும் ராம் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். மேப்பையும் பாட்டையும் ஒன்றாக ஓடவிட்டுக் கடையிலேயே பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

கெட்ட பக்கம் மூன்று. லாரிக் குலுக்கல் காரில் இருப்பது போல் அல்ல. முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் பெரிய திரை, பின்னால் இரும்புப் பட்டையால் தாங்கல் கொடுக்காவிட்டால் ஆறு மாதத்தில் ஆடத் தொடங்கும். இரண்டாவது, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாலே தெரியும். எரியும் திரை, இருட்டில், நெடுஞ்சாலை ஓரத்தில். "இங்கே இருக்கிறது" என்று நாமே போர்டு வைத்த மாதிரி. மூன்றாவதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் செட்டில் என் ஜிமெயிலைப் போட்டு வைத்திருந்தேன். செட்டோடு என் போட்டோ, போன் நம்பர்கள், போய்வந்த இடங்களின் கணக்கு எல்லாமே போனது. அன்று இரவே போனில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய், அந்தச் செட்டை வெளியேற்றிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றினேன். ஆண்ட்ராய்டு செட் வாங்குவதென்றால் அதற்கென்று ஒரு வெற்றுக் கணக்கு தொடங்குங்கள். பேங்க், யுபிஐ, பாஸ்டேக் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. பின் நம்பர் பூட்டு போட்டால் திருடனுக்குப் பயன்படாது என்று ஆறுதல் வேண்டாம். ரீசெட் அடித்தால் பல செட்டுகள் புதுசாகிவிடும்.

நடுவில் ஒரு வழி உண்டு. ஆண்ட்ராய்டு ஆட்டோ உள்ள டபுள் டின் (இரட்டை உயரத் துவாரத்தில் உட்காரும்) செட். போனை இணைத்தால் மேப் திரைக்கு வரும், போனை எடுத்துவிட்டால் செட் ஊமை. திருடு போனாலும் நம் கணக்கு போகாது. நல்ல கம்பெனியில் இதற்கும் விலை ஏறக்குறைய அதே அளவு வந்துவிடுகிறது, கண்ணில் படுவதும் அதே அளவுதான்.

எலக்ட்ரீஷியன் சொன்ன சின்ன செட்டுக்குக் கடையில் சிங்கிள் டின் என்று பெயர்: அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50. டபுள் டின் என்றால் உயரம் மட்டும் 100. இந்த அளவு உலகம் முழுக்க ஒன்றுதான் என்பதால் எந்தக் கம்பெனிச் செட்டும் அந்தத் துவாரத்தில் உட்காரும். சின்ன செட்டில் திரை கிடையாது. ப்ளூடூத், யுஎஸ்பி, எஃப்எம், அவ்வளவுதான். முகப்பைக் கழற்றும் வசதி எல்லா மாடலிலும் இல்லை, பார்த்து வாங்க வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் முன்பக்கம் முழுசாகக் கழன்று கைக்கு வரும். சட்டைப் பையில் அடங்கும். மிச்சமிருப்பது பொத்தான் இல்லாத கறுப்புத் தகடு. அதையும் பிடுங்குபவன் பிடுங்குவான். ஆனால் முகப்பில்லாத உடம்பைத் திருட்டு மார்க்கெட்டில் என்ன விலைக்குக் கேட்பார்கள்? மூவாயிரத்து ஐந்நூறிலிருந்து எட்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். குறை சொன்னால், கேமரா மாட்ட முடியாது, முகப்பைக் கழற்றும் பழக்கம் டிரைவருக்கு வர வேண்டும். வராவிட்டால் கூடக் கொடுத்த காசு வீண்.

மகன் சொன்ன வெறும் போன் வழி மலிவு. முந்நூறு ரூபாய் ஹோல்டர், ஒரு சார்ஜர். 24 வோல்ட்டைத் தாங்கும் சார்ஜரா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இறங்கும்போது போனும் கூடவே இறங்குகிறது, திருடனுக்கு மிஞ்சுவது ஹோல்டர். சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2020 அக்டோபரில் வந்த விதித் திருத்தம், ஓட்டும்போது கவனம் சிதறாத விதத்தில் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. கையில் பிடித்துக்கொண்டு பேசுவது அதில் வராது. தொல்லை வெயிலில். மே மாதம் நாக்பூர் பக்கம் 45 டிகிரியில், கண்ணாடிக்கு அடியில் வைத்த போன் அரை மணி நேரத்தில் மங்கிவிடும், சூடு தாங்காமல் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். 2025-லிருந்து, புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் ஆகிவிட்டது. அந்த வண்டிகளில் ஏசி வாய்க்கு நேராக ஹோல்டரை மாட்டினால் சரியாகிவிடும். பழைய வண்டிக்காரர்கள் கண்ணாடியிலிருந்து தள்ளி, ஸ்டியரிங்குக்குப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். போன் ஒலிபெருக்கியில் பாட்டு, லாரி எஞ்சின் சத்தத்தில், ஹும்.

எங்கே மாட்டுவது என்பதிலும் ஒரு பிரிவு இருக்கிறது. நம் பாடி கட்டும் பட்டறைகளில் கண்ணாடிக்கு மேலே நீளமாக ஒரு பெட்டி அடித்து, சாமி படம், கண்ணாடி வேலைப்பாடு, சீரியல் விளக்கு எல்லாம் வைத்துத் தருவார்கள். செட்டும் அங்கேதான் போகும். பாட்டுக்கு அது அருமையான இடம். மேப்புக்கு மோசமான இடம். தலையைத் தூக்கிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ரோடு கண்ணைவிட்டுப் போகிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அந்த வேலை வேண்டாம். அதோடு, மேலே இரும்புக் கூரை. ஜிபிஎஸ் ஆன்டெனாவை அந்தப் பெட்டிக்குள்ளேயே சுருட்டி வைத்தால் வண்டி ரோட்டை விட்டு வயலில் ஓடுவதாக மேப் காட்டும். ஒயரைக் கீழே இழுத்து முன்கண்ணாடிக்கு அடியில், வானம் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும்.

திருட்டுக்கு வருகிறேன். ஓடும் லாரியில் செட் போவது அரிது. ராத்திரி டிரைவரோ கிளீனரோ கேபினுக்குள்தான் படுத்திருப்பார்கள். சாப்பிடப் போகும் அரை மணி, குளிக்கப் போகும் அரை மணி, பில் வாங்க ஆபீசுக்குள் நிற்கும் ஒரு மணி, இவை சின்ன வாய்ப்புகள். பெரிய வாய்ப்பு, வண்டி ஆளில்லாமல் நாள்கணக்கில் நிற்கும்போது: பட்டறையில், பெயின்ட் கடையில், பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போனபின். பழைய கேபின் கதவுப் பூட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவருக்குத் தாங்காது. பட்டறையில் அதுவும் வேண்டாம், சாவியே அங்குதான் தொங்கும்.

ஆண்ட்ராய்டு செட்தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு எங்கள் ஊர் பாடி பட்டறைகளில் செய்துதரும் ஒன்று பிடித்திருந்தது. 14 கேஜ் தகட்டில் செட்டைச் சுற்றி ஒரு பெட்டி, முன்னால் கீல் வைத்த மூடி, பூட்டு. பக்கவாட்டில் சூடு போக ஓட்டைகள். பெட்டியை டேஷ்போர்டோடு பிடிக்கும் போல்ட்டின் நட் பெட்டிக்கு உள்ளே வர வேண்டும், அப்போதுதான் பூட்டைத் திறக்காமல் கழற்ற முடியாது. பார்க்கக் கல்லாப்பெட்டி மாதிரி இருக்கும், போகட்டும். வண்டியிலேயே வைத்து வெல்டிங் அடிப்பதென்றால் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றாமல் அடித்தால் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு ஆபத்து, அதற்கு முன் செட்டின் விலையெல்லாம் ஒரு காசாகவே தெரியாது.

எந்தச் செட்டானாலும் மாட்டுவதற்கு முன் அதன் மேல் தகட்டில் உள்ள சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டியபிறகு அது தெரியாது. நான் எடுக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் "சீரியல் நம்பர்?" என்று கேட்டபோது பில்லைக் காட்டினேன், பில்லில் "கார் செட் 1" என்று எழுதியிருந்தது. வண்டி நம்பரைச் செட்டின் உடம்பிலும் முகப்பின் ஓரத்திலும் ஆழமாகச் செதுக்கிவிடுங்கள். அழகு கெடும். விற்கவும் முடியாது, அதுதான் வேண்டும்.

இன்சூரன்ஸ் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். வெளியில் வாங்கி மாட்டிய செட், வண்டியின் மதிப்பில் சேராது. ஐஎம்டி 24 என்ற பிரிவில் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும், மோட்டார் டாரிஃப் கணக்கில் அதன் மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம். அப்படிச் சேர்த்தாலும் வண்டி அப்படியே நிற்க, செட் மட்டும் போனால் கிடைக்குமா என்பதை ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். ஐயாயிரம் ரூபாய் செட்டுக்கு இந்த அலைச்சல் கட்டுப்படியாகாது என்பதும் சின்ன செட் பக்கம் சாய ஒரு காரணம்.

கடைசியில் பெரிய வண்டிக்கு, மேல் பெட்டியில் முகப்பு கழற்றும் சிங்கிள் டின், ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் ஒரு போன் ஹோல்டர், தனி ஃபியூஸோடு 10 ஆம்ப் கன்வர்ட்டர். மேப்பின் குரல் ப்ளூடூத்தில் ஸ்பீக்கருக்கு வந்துவிடுகிறது, பாட்டு நடுவில் நின்று "இடது பக்கம் திரும்பவும்" என்கிறது. திரையைப் பார்ப்பதே குறைந்துவிட்டதாக அண்ணன் சொல்கிறார். எங்களிடம் உள்ள இன்னொரு வண்டி, ஊருக்குள் ஓடும் பிக்கப்; அதற்குக் கேமராவோடு ஆண்ட்ராய்டு ஆட்டோ செட். அது தினமும் இரவு எங்கள் வீட்டு கேட்டுக்குள் நிற்கிறது.

முதல் ட்ரிப்பிலேயே அண்ணன் முகப்பைப் பத்திரமாகக் கழற்றி, வீட்டு ஷெல்ஃபில் வைத்துவிட்டு சோலாப்பூர் போய்விட்டார். மூன்று நாள் பாட்டு இல்லை. "ஏனுங்க, திருடன் எடுத்திருந்தாக்கூட இவ்வளவு கோவம் வந்திருக்காதுங்க" என்று போனில் புலம்பினார். இப்போது ஆர்சி, பர்மிட், இன்சூரன்ஸ் வைக்கும் ஜிப் பையிலேயே முகப்பும் போகிறது.